மூன்று நாளைக்கு ஒரு சலாம்

எனக்குக் கோபம் வராது. இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி அடுக்களைக்குள் போய்விடுவாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது. சிரித்துவிட்டு வரத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட மாட்டேன். கோபப்பட்டால் அவள் கட்சி ஜெயித்துவிடும்.

என் தொழில் குக்கர் ரிப்பேர். கேஸ்கட் மாற்றுவது, கைப்பிடி போடுவது, சேஃப்டி வால்வு மாட்டுவது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே தெருவில் ஒரே கடை. நேர் எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதை நடத்துகிறவர் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பாஸ்போர்ட் போட்டோதான் அவருக்கு முக்கியமான வேலை. பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாது. ஆனால் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று "சிரிக்காதீங்க" என்று சொல்கிற விதம் இருக்கிறதே, கடன்காரனுக்கே சிரிப்பு வந்துவிடும். பாதிப் படங்கள் செல்லாது என்று திரும்பி வரும். மறுபடி எடுப்பார். மறுபடி சிரிப்பார்கள்.

நாள் முழுக்க அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. ஆளைப் பார்த்ததும் பேர் வைப்பார். மருந்துக் கடைக்காரர் எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார் என்பதால் அவர் 'அரை மாத்திரை'. உதடு பிரியாமல் பேசுகிற தபால் ஆபீஸ் குமாஸ்தா 'ஸ்டேப்ளர்'. அவர் வைத்த பேர் ஒட்டினால் ஒட்டியதுதான். அதற்கெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான். எனக்கு வைக்கும்வரை.

ஒரு நாள் ஓர் அம்மா தண்ணீர் ஊற்றாமலேயே குக்கரை அடுப்பில் ஏற்றி, கரிக்கட்டையாக்கிக் கொண்டுவந்து, அது தானாகவே அப்படி ஆகிவிட்டது என்றார். நான் உண்மையை எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாக. மூக்கிலிருந்து காற்றும் கொஞ்சம் வேகமாக வந்திருக்கலாம். எதிர்க்கடை வாசலில் நின்ற சகலை கையைத் தட்டி, "மூணு விசில் வந்துடுச்சு, யாராவது அடுப்பை அணைங்கப்பா" என்றார். தெருவே சிரித்தது. கரிக்கட்டையைக் கையில் வைத்திருந்த அந்த அம்மாவும் சிரித்தார். அன்றிலிருந்து நான் 'குக்கர்'.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அப்புறம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் முத்து முத்தான கையெழுத்தில் "ஜனாப் குக்கர் அவர்களுக்கும் குடும்பத்தார்க்கும்" என்று எழுதியிருந்தார்கள். கேலிக்கு எழுதியதில்லை. எழுதியவருக்கு அது என் பேர் இல்லை என்பதே தெரியாது. அன்றைக்கு நான் சகலையோடு பேச்சை நிறுத்தினேன்.

அது கோபம் இல்லை. கொள்கை.

ஆனால் நான் ஐந்து வேளையும் தொழுகிறவன். அதே வாரம் வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில், ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளைக்கு மேல் பேசாமல் ஒதுக்கி வைக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் சொன்னதை இமாம் எடுத்துச் சொன்னார். இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், அந்த இருவரில் சிறந்தவர் முதலில் சலாம் சொல்கிறவர்தான் என்றார். எனக்கு முதுகில் யாரோ ஊசியால் குத்திய மாதிரி இருந்தது. தொழுகை முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் இமாமைப் பிடித்து, சலாம் சொல்லிவிட்டால் அந்தக் குற்றம் நீங்கிவிடுமா என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சலாம்தான் முதல் படி என்று என் தோளைத் தட்டினார். மொத்தம் எத்தனை படி என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். கடையில் தொங்கும் காலண்டரில் மூன்று நாளைக்கு ஒரு தரம் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி வைத்த நாளில் தெருவைக் கடந்து ஸ்டுடியோ வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பேன். அவர் கேமராவை விட்டுவிட்டு ஓடிவந்து, முழு நீளத்துக்கு, மிக மெதுவான குரலில் பதில் சொல்வார். நான் திரும்பி வந்துவிடுவேன். அடுத்த புள்ளிவரை எங்களுக்குள் பேச்சே கிடையாது. ஒரு தரம் புள்ளி நாளில் அவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார். போன் போட்டுச் சலாம் சொல்லி, பதில் வந்ததும் வைத்துவிட்டேன். மார்க்கத்தில் குறை வைக்கக் கூடாது பாருங்கள்.

கோபத்துக்கும் நபிவழியில் வைத்தியம் இருக்கிறது. நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும். எதிர்க்கடையில் சகலையின் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது நான் உட்கார்ந்துவிடுவேன். மறுபடி கேட்டால் குக்கர் மூடிகளுக்கு நடுவில் அப்படியே படுத்துவிடுவேன். வாடிக்கையாளர்கள் வந்தால் மேஜைக்கு அடியில் இரண்டு கால்தான் தெரியும்.

இதில் ஓர் ஆச்சரியம் நடந்தது. தெரு என்னை மதிக்க ஆரம்பித்தது. பேரம் பேசி உயிரை எடுக்கிறவர்களெல்லாம் குக்கரை ஓசைப்படாமல் மேஜை மேல் வைத்துவிட்டு, "அவசரம் இல்லீங்க, மெதுவாப் பாருங்க" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். 'குக்கர்' என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. "நம்ம பாத்திரத்தைக் கொஞ்சம் பாக்கணும்" என்றார்கள். ஸ்டுடியோவில் காலையிலிருந்து அலறும் ரேடியோவும் நின்றுபோனது. சகலை பயந்துவிட்டார் என்று நினைத்தேன். கொள்கை என்றால் சும்மாவா?

இப்படியே எட்டு மாதம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்த மாதிரியே இல்லை. முன்பெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் இரண்டு டீயோடு என் கடைப் படிக்கு வருவார். போகிற வருகிறவர்களுக்குப் பேர் வைப்போம். இப்போது நான் தனியாக டீ குடித்தேன். எட்டு மாதத்தில் ஒரு டீயிலாவது சர்க்கரை சரியாக இருந்திருக்க வேண்டுமே. இல்லை. அவரே வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. நானாகப் போய்ப் பேசுவது என்ற எண்ணம் வரவேயில்லை. குற்றம் அவர் மேல் இருக்கும்போது நான் எதற்குப் போவது?

அப்போதுதான் அவருக்கு ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பயணம்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? தெரிந்தோ தெரியாமலோ மனசு நோகடித்தவர்கள் எல்லார் வீட்டுக்கும் போய் மாப்பு கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடிப்பார்கள். அதைக் கேட்காமல் போக அவர்களுக்கே மனசு வராது. ஆக, சகலை வந்தே தீர வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். அவர் முதல் தரம் கேட்கும்போது நான் மேலே மின்விசிறியைப் பார்க்க வேண்டும். இரண்டாம் தரம் கேட்கும்போது ஒரு பெருமூச்சு. மூன்றாம் தரம் கேட்டதும், "போனது போகட்டும், அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொண்டேன்" என்று எழுத்துத் தமிழில் சொல்ல வேண்டும். எவர்சில்வர் மூடியில் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். பெருந்தன்மை நன்றாகவே வந்தது.

திங்கட்கிழமை அவர் மருந்துக் கடைக்காரரிடம் மாப்பு கேட்டார் என்று மனைவி வந்து சொன்னாள். செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸ் குமாஸ்தா. அவர் அழுதுவிட்டாராம், அதுவும் உதடு பிரியாமல். புதன்கிழமை, பத்து வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடின மாதிரி அவர் படம் எடுத்துக் கொடுத்திருந்த ஒரு டீச்சரைத் தேடிப் போய்விட்டு வந்தார். பெரிய தலையைக் கடைசிக்கு வைத்திருக்கிறார் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். தினமும் சலவைச் சட்டையோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை மனைவி, "மாடிப்படிக்குக் கீழ ஒரு பூனை இருக்கும்ல, அது வாலை எப்பவோ மிதிச்சுட்டாராம். மீன் வாங்கிப் போட்டு அதுகிட்டயும் கேட்டுட்டார்" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். அடங்கவில்லை. படுத்தேன். அப்போதும் அடங்கவில்லை. எழுந்து போய், தொழுகைக்குக் கழுவுவதுபோல் கை கால் முகம் கழுவி ஒளூ செய்து பார்த்தேன், முகம்தான் குளிர்ந்தது. பூனைக்குப் பின்னாலா நான்?

வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்தும் வரவில்லை. காலண்டரைப் பார்த்தேன், அன்றைக்குப் புள்ளி. ஹஜ்ஜுக்குப் போனால் திரும்பி வர நாற்பது நாள் ஆகும். மாப்பு கேட்காமலேயே போய்விடுவார் போலிருக்கிறது. சலாம் சொல்லும் சாக்கில் நேரே வீட்டுக்குப் போய், என்னை விட்டுவிட்டுப் போகிற ஹஜ் எப்படிப்பட்ட ஹஜ் என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். மனைவி, "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினாள். என்றைக்கும் இல்லாத அவசரம் அவளுக்கு.

சகலை வீட்டு முன்னறையில் திறந்த பெட்டி இருந்தது. நாற்காலி முதுகில் ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணி இரண்டும் வெள்ளையாகத் தொங்கின. தரையில் எடை பார்க்கும் மெஷின். சுவரில் ஒரு நீளமான தாள் ஒட்டியிருந்தது. பேராக எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருந்தார். 'பூனை' கூட அடித்திருந்தது. மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் பார்த்தேன். நான் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். அதில் நான் ஏற்றக்கூடிய காரமெல்லாம் ஏற்றியிருந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. முழு நீளத்துக்குப் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிவந்து விரலை உதட்டில் வைத்து, "உஷ், போதும்" என்றார். என்னைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தார். ஒரு நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்தார்.

"இன்னிக்குத்தான் உங்க சலாம் நாள்னு தெரியும்" என்று கிசுகிசுத்தார். "காலையிலேர்ந்து வாசலைத்தான் பாத்துட்டிருக்கேன். வேற ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க. பேச வேணாம்."

நான் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"மூணு நாளைக்கு ஒரு சலாம்தான் டாக்டர் அனுமதிச்சிருக்கார். அந்த ஒண்ணையும் வேற யாருக்கும் கொடுக்காம எனக்கே கொடுக்கிறீங்களே. நான் வெளியூர் போனப்பகூட போன் போட்டுக் கொடுத்தீங்க. வச்சிட்டு அன்னிக்கு அழுதுட்டேன் சகலை."

எந்த டாக்டர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் பேச்சை நிறுத்திய வாரமே மதினி, அதாவது அவர் மனைவி, என் மனைவியிடம் காரணம் கேட்டிருக்கிறார். எனக்குப் பிரஷர் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். மேஜைக்கு அடியில் என் இரண்டு காலையும் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. தொழிலுக்காக வாடிக்கையாளரிடம் பேசியே என் பங்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். ரேடியோவை நிறுத்தியிருக்கிறார். தெருவில் வீடு வீடாகப் போய், என்னிடம் யாரும் உரக்கப் பேசக் கூடாது, பேரம் பேசக் கூடாது, பிரஷர் உள்ள மனுஷன் முன்னால் குக்கர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எட்டு மாதமாக என்னைத் தெரு மதித்ததன் ரகசியம் இதுதான்.

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இஹ்ராம் துணியின் ஓரத்தை மிகுந்த அக்கறையோடு மடித்துக்கொண்டிருந்தாள். "பிரஷர்னுதான் சொன்னேன்" என்றாள் தணிந்த குரலில். "பொய்யா? டாக்டர்னு நான் சொல்லவே இல்ல."

"லிஸ்ட்ல உங்க பேர் இல்லியேன்னு பாக்கிறீங்களா?" என்றார் சகலை. "உங்ககிட்ட மாப்பு கேட்டா நீங்க பதில் சொல்லியாகணும். ரெண்டு பேரும் அழுவோம். உங்க உடம்புக்கு ஆகாது. அதான் அங்க போய், அல்லாஹ்கிட்ட நேராவே சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

பெட்டியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். அங்கே போய்க் கேட்க வேண்டிய துஆக்களை எழுதி வைத்திருந்தார். முதல் வரி, சகலையின் பிரஷர் இறங்க வேண்டும். அவருடைய சொந்த முட்டி வலி ஏழாவது வரியில் இருந்தது.

இல்லாத நோய்க்காக இந்த மனுஷன் கஃபாவைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறார். நான் வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. என் மானமும் பிழைத்துவிடும். தெருவும் எனக்கு மரியாதையாகக் கிசுகிசுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது?

"சகலை, எனக்குப் பிரஷரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எட்டு மாசமா உங்க மேல கோவம்."

"என் மேலயா? எதுக்கு?"

"குக்கர்னு பேர் வச்சீங்கல்ல, அதுக்கு."

அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். அப்புறம் மெல்ல எடை மெஷினின் மேல் உட்கார்ந்தார். முள் தடதடவென்று ஓடியது. அப்புறம் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார்.

நிற்பது, உட்கார்வது, படுப்பது. இந்த வைத்தியம் எதற்கு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? வாழ்நாளில் கோபமே வந்திராத மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது, அதுவும் ஹஜ்ஜுக்கு முந்தின நாள். நான் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"மாப்பு கொடுங்க சகலை" என்றேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"தெரியாம செஞ்சுட்டேன். பொறுத்துக்கங்க."

பெருமூச்சு விட்டார்.

என் ஒத்திகையை எனக்கே நடித்துக் காட்டுகிறார். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது பெருந்தன்மை மாதிரியே இல்லை. கிணற்றில் விழுந்தவனுக்கு மூன்று தரம் கூப்பிட்டால்தான் கயிறு போடுவேன் என்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் தரம் கேட்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்துப் பதறி எழுந்தார். "அட, நான் கோவத்துல படுக்கல. வெக்கத்துல படுத்தேன். ஊர்ல பூனைவரைக்கும் போயிட்டு வந்தேன், எதிர்க்கடைல ஒரு மனசு நொந்து கிடக்கிறது தெரியலியே எனக்கு" என்றார். அவர் கண்ணும் நிரம்பியிருந்தது. "குக்கரை நீங்க பொறுத்துக்கங்க. எட்டு மாசத்தை நான் பொறுத்துக்கிறேன்."

போனது போகட்டும் என்று தொடங்கும் அந்த எழுத்துத் தமிழ் வாக்கியம் எனக்கு மறந்தே போனது. "சரி" என்று மட்டும் சொன்னேன். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். கட்டிக்கொண்டோம். உங்கள் இருவர் எடைக்கும் அந்த மெஷின் தாங்காது, தள்ளி நின்று அழுங்கள் என்று உள்ளிருந்து மதினி சத்தம் போட்டார்.

அவர் நோட்டை எடுத்து முதல் வரியை அடிக்கப் போனார். நான் தடுத்தேன். "இருக்கட்டும் சகலை. பிரஷர் இருக்கு. டாக்டருக்குத்தான் தெரியாது."

அன்று மாலையே அவர் மறுபடி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். இனிமேல் என்னை யாரும் குக்கர் என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். அதனால், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்து, அந்தப் பேரே தெரியாமல் இருந்த இரண்டு குடும்பங்களுக்கும் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிவாசல் முன்னால் பஸ் நின்றது. வழியனுப்ப ஊரே கூடியிருந்தது. சகலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை எந்தப் பெட்டியிலோ வைத்துவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார், அதுவும் தப்பான பக்கத்தில். நான் "சகலை" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பினார்கள். கூட்டத்தில் எல்லாருமே யாரோ ஒருவருக்குச் சகலைதான். அவர் ஜன்னலைத் தள்ளித் திறந்து என்னைக் கூப்பிட வாயெடுத்தார். பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்த பேரைச் சட்டென்று விழுங்கிக்கொண்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். பஸ் கிளம்பிவிட்டது.

நான் யோசிக்கவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து, கன்னம் உப்ப மூச்சை இழுத்து விசில் அடித்தேன். இமாம் திடுக்கிட்டார். இன்னொன்று அடித்தேன். மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது விசிலுக்கு அவர் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அடுப்பின் குமிழைத் திருகி அணைப்பதுபோல் மெதுவாகத் திருகிக் காட்டினார். தெருவில் முதலில் சிரித்தவன் நான்தான்.